நாளைய பயிற்சியை மாற்றுமா?
திருநகரை முன்வைத்து விளையாட்டு மருத்துவப் பரிசோதனை பற்றி ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

விடிகாலை ஐந்தரை மணிக்கு மதுரைப் புறநகரான திருநகரில் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால், விளையாட்டு மருத்துவம் யாருக்கெல்லாம் தேவை என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். காவலர் தேர்வுக்காக ஓடும் இளைஞர்கள் முதலில் போவார்கள். ஹாக்கி மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் பள்ளிப் பிள்ளைகள் அடுத்து. வெளிச்சம் வந்ததும், டாக்டர் சொன்னதற்காக நடக்கும் பெரியவர்கள். இவர்களில் பெரும்பாலோர் தங்களை வீரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. பரிசோதனை என்றால் அவர்களுக்குத் தெரிந்தது, கால் பிசகிய பிறகு எடுக்கும் எக்ஸ்ரே.

சில கிலோமீட்டர் தள்ளி ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வேறொரு உலகம் வந்துபோனது. 2025 நவம்பர், டிசம்பரில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பன்னாட்டு அணிகளில் ஜிபிஎஸ் கருவி வைத்த உள்சட்டையைப் போட்டு, ஒவ்வொருவரும் ஓடிய தூரத்தை மீட்டர் கணக்கில் எழுதுவது இன்று சாதாரணம். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஏக்கத்தை இரண்டாம் இடத்தில் வைக்கவே இக்கட்டுரை முயல்கிறது.

என் வாதம் இது. பரிசோதனை முடிவைப் பார்த்த பயிற்சியாளர் மறுநாள் காலைப் பயிற்சியில் எதையாவது மாற்ற வேண்டும். மாற்ற முடியாவிட்டால் அந்தப் பரிசோதனைக்குச் செலவழித்த பணமும் நேரமும் வீண். இந்த அளவுகோலால் அளந்தால், மதுரை வட்டாரத்துக்கு முதலில் வேண்டியவை மலிவான பொருள்கள்: எடை இயந்திரம், வெப்பமானி, ஒரு துளி ரத்தம், நிறுத்துக் கடிகாரம்.

2. வாடிவாசல் சோதனையும் பயிற்சிச் சோதனையும்

பரிசோதனைகளை நோக்கம் கொண்டு பிரிப்பது நல்லது. சில, உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்மானிப்பவை. சில, இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று காட்டுபவை. முதல் வகைக்கு நம் ஊரிலேயே பெயர்பெற்ற உதாரணம் உண்டு. திருநகருக்குப் பக்கத்திலுள்ள அவனியாபுரத்தில் பொங்கலன்று ஜல்லிக்கட்டு. காளையைக் கால்நடை மருத்துவர் பார்ப்பார்; மாடுபிடி வீரரை மருத்துவர் பார்ப்பார். எடை, ரத்த அழுத்தம், மது அருந்தியிருக்கிறாரா என்ற கேள்வி, முடிந்தது. களத்தில் இறங்கத் தகுதி உண்டா என்பதற்கு இது போதும். அடுத்த பொங்கல்வரை அந்த இளைஞர் தன் தோளையும் இடுப்பையும் எப்படித் தயார்செய்வது என்பதற்கு இதில் பதில் கிடையாது, கேள்வியும் அதுவல்ல.

உள்ளே விடும் சோதனைகளில் உயிருக்கு நேராக நிற்பது இதயப் பரிசோதனை. இத்தாலியில் போட்டி விளையாட்டுக்கு இசிஜி உள்ளிட்ட சோதனை 1982 முதல் கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்ற நிலையிலிருந்து 0.4 ஆகக் குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளியானது. இஸ்ரேலில் செய்த ஆய்வு அப்படிப்பட்ட பலனைக் காட்டவில்லை. அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் நம் உடற்கல்வி ஆசிரியர் செய்யக்கூடியது மூன்று கேள்விகள். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்தாயா? நெஞ்சு வலித்ததா? வீட்டில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தார்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் பிள்ளையை ஓட விடாமல் நிறுத்தி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கேள்வியைப் பிள்ளையிடம் மட்டும் கேட்டால் போதாது. தாத்தா எப்படி இறந்தார் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

சோதனையில் தேறியவருக்கும் இதயம் நிற்கலாம். டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் சாய்ந்தார். அவர் ஐரோப்பாவின் உயர்ந்த கழகங்களில் ஆடியவர். அவரைக் காப்பாற்றியவை நெஞ்சை அழுத்திய கைகளும் மைதானத்தில் இருந்த மின்அதிர்வுக் கருவியும். நெஞ்சழுத்த முதலுதவி தெரிந்த இருவராவது ஒவ்வொரு மைதானத்திலும் இருக்க வேண்டும் என்பதைப் பரிசோதனைத் திட்டத்தின் பகுதியாகவே கொள்கிறேன்.

3. மூச்சை அளப்பது

ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே தாங்குதிறனின் பெயர்பெற்ற அளவு. முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவைத்து அளப்பார்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் இதற்கு 1968இல் எளிய வழி காட்டினார். பன்னிரண்டு நிமிடம் ஓடு. எத்தனை மீட்டர் ஓடினாய் என்று சொல். அந்தத் தூரத்திலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் மதிப்பீடு கிடைக்கும். 2400 மீட்டர் ஓடியவருக்கு ஏறத்தாழ 42. 2800 மீட்டருக்கு 51. நானூறு மீட்டர் தடமும் கடிகாரமும் இருந்தால் முப்பது பேரை ஒரே காலையில் அளந்துவிடலாம்.

கனடாவின் லூக் லெஜே 1982இல் கொண்டுவந்தது இருபது மீட்டர் பீப் சோதனை. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ அமைத்த யோ-யோ சோதனையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே பத்து விநாடி ஓய்வு உண்டு. நின்று நின்று ஓடும் ஆட்டங்களுக்கு அது பொருத்தம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் கசப்போடு நினைவிருக்கும். 2018 ஐபிஎல்லில் சென்னை அணிக்காக 602 ரன் குவித்த அம்பாட்டி ராயுடு, 16.1 என்ற யோ-யோ எல்லையைத் தொடாததால் இங்கிலாந்து ஒருநாள் தொடரிலிருந்து நீக்கப்பட்டார். உடற்தகுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்கு வழிகாட்ட வேண்டிய எண்ணை வாடிவாசல் கம்பாக நிறுத்தினார்கள் என்பது என் கருத்து.

எந்த ஆட்டத்துக்கு எந்தச் சோதனை என்பதில் நாம் செய்யும் தவறு பெரிது. கபடி ரெய்டு முப்பது விநாடி. ரெய்டரை ஐந்து கிலோமீட்டர் ஓடவைத்து நேரம் குறிப்பதால் அவர் ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரியப்போவதில்லை. முப்பது விநாடி முழுவேகம், இடைவெளி, மறுபடி முழுவேகம் என்று எட்டு முறை செய்யச் சொல்லி, எட்டாவது முறை எவ்வளவு தளர்கிறார் என்று பார்த்தால் ரெய்டர் தெரிவார்.

4. வெயில்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மேல்நாட்டுப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் பின்பக்கங்களில் ஓர் அத்தியாயமாக வைக்கும் செய்தி, மதுரையில் முதல் அத்தியாயம்.

கோடையில் வானிலைச் செய்தியில் 'மதுரை விமான நிலையம் 40 டிகிரி' என்று அடிக்கடி கேட்கிறோம். அந்த விமான நிலையம் திருநகருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில்தான். ஆனால் அந்த எண் காற்றோட்டமுள்ள பெட்டியின் நிழலில் எடுத்தது. வெட்டவெளி மைதானத்தில் வெயில் நேராக அடிக்கிறது, தரையும் கொதிக்கிறது. உடலைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம் காற்றின் ஈரம். வியர்வை வழிவதால் உடல் குளிராது. அது ஆவியானால்தான் குளிரும். 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் விழுந்தபோது, யாக்லோ, மினார்ட் என்ற ஆய்வாளர்கள் ஓர் அளவை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 சதவீத எடை, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20, சாதாரண நிழல் வெப்பத்துக்கு 10. ஈரத்துக்கு எழுபது என்பதைக் கவனிக்க வேண்டும். 'காலையில்தான் ஓடுகிறோம், வெயிலே இல்லையே' என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. விடிகாலையில் வெப்பம் குறைவு, ஈரம் அதிகம். மழைக்காலக் காலையில் வெயில் இல்லாமலே ஒருவர் சூடேறி விழலாம்.

உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது, வியர்வை முன்னதாகத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. கோடை விடுமுறைப் பயிற்சி முகாமின் முதல் நாளே மூன்று மணி நேரம் வாட்டுவது இந்த உடலியலுக்கு எதிரானது. முதல் நாள் நாற்பது நிமிடம் போதும்.

ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்குச் சூத்திரம் தேவையில்லை. எடை இயந்திரம் போதும். பயிற்சிக்கு முன் 60 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து 59, இடையில் அரை லிட்டர் குடித்தார் என்றால் அவருடைய வியர்வை மணிக்கு ஒன்றரை லிட்டர். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இழந்தால் பலருக்கு ஆட்டம் தளரும். எடை கூடியிருந்தால் அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்ததே அதற்கு முதன்மையான காரணம். 'தண்ணி குடி, தண்ணி குடி' என்று கத்துவதும் அறிவுரை ஆகாது.

என்ன குடிப்பது? உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் நல்லவை. ஜிகர்தண்டா பயிற்சிக்குப் பிந்தைய பானம் என்று என்னிடம் வாதாடிய ஒரு மாணவருக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அது பொருந்தும் என்று தீர்ப்பளித்திருக்கிறேன்.

வெயிலில் விழுந்தவர் உளறினால், ஆள் தெரியாமல் தடுமாறினால், காரணமில்லாமல் சண்டையிட்டால், உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். 108க்கு அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டு நிற்பது போதாது. அரை மணிக்குள் சூட்டைத் தணித்தால்தான் மூளையும் சிறுநீரகமும் தப்பும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டுக் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும். ஐஸ் இல்லையென்றால் பம்புசெட் தொட்டியேனும் உதவும். தலையை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகு வண்டி.

5. ரத்தம்

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும் பெண்களுக்கு இந்த எண் விலக்கு அளிப்பதில்லை.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 13 கிராம் உள்ள பெண்ணின் நூறு மில்லி ரத்தம் 17.4 சுமக்கிறது, 10 கிராம் உள்ளவருடையது 13.4. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கும் பெண்ணை 'சோம்பேறி' என்று திட்டி இன்னும் இரண்டு சுற்று ஓடவிடும் கோச்சை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதிகச் சுற்றுகள் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் ஹீமோகுளோபின் பார்க்கலாம். முடிவு கைக்கு வந்த மறுநாளே பயிற்சி மாறும். என் அளவுகோலில் இதற்கு மேலான சோதனை இல்லை.

மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில் பாட்டியின் வளர்ப்பில் வளர்ந்த ரேவதி வீரமணி, வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தகுதி ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் கடந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவர் கதையைச் சொல்லும்போது வெறுங்காலை வீரமாக்கிவிடுகிறோம். ஷூ இல்லாத ஆயிரம் பிள்ளைகளுக்கு அது வீரமாகாது. ஈரமான, அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு திரிந்தால் கொக்கிப்புழு தோல் வழியே உள்ளே போகும். குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். ஷூவைக் கால்களுக்கு மட்டும் உரியதாக நினைக்காமல் ரத்தத்துக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வாயில் கசக்கிறது, வயிறு பிரட்டுகிறது என்று ஜன்னல் வழியே பறக்கும் மாத்திரைகள் எத்தனை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். வயிறு நிறைந்த பின் விழுங்கச் சொன்னால் பிரட்டல் குறையும். இன்னொன்று: காலைப் பயிற்சி முடிந்ததும் டீக்கடைக்குக் கூட்டிப்போகும் வழக்கம். சாப்பாட்டோடு சேர்ந்த டீ, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடலில் சேரவிடாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேரவைக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது செலவில்லாத மருத்துவம்.

மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனால், அதுவே ஒரு பரிசோதனை முடிவு. உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லை என்பதும், எலும்பு பலவீனமாகிறது என்பதும் அதில் தெரியலாம். 'நல்லதுதான், தொந்தரவு இல்லை' என்று ஆண் பயிற்சியாளர்கள் நினைப்பதும், பெண்கள் சொல்லக் கூச்சப்படுவதும் சேர்ந்து இதை மறைத்துவிடுகின்றன.

6. எடைக் கபடி

நம் கிராமத்துக் கபடிப் போட்டி நோட்டீஸ்களில் எடைப் பிரிவு போட்டிருக்கும். அந்த எடைக்குள் வர, முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடும் பையன்கள் உண்டு. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி எடை குறைக்கப்போய், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன்பின் அங்கே விதிகள் மாறின. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்ததை நாடே பார்த்தது; நாம் தராசைத் திட்டினோம், முந்தின இரவு அந்த உடல் பட்ட பாட்டைக் குறைவாகவே பேசினோம். போட்டி நடத்தும் ஊர் இளைஞர் மன்றங்கள், ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்திலேயே எடை போட்டால் தண்ணீரை விட்டவர் ஆடத் திணறுவார். அந்தத் தந்திரத்துக்கு மவுசு போய்விடும்.

7. யாருக்கு என்ன பயிற்சி

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி வீதம். இது எட்டாத வேகம் அல்ல. எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு ஓடத் தொடங்குவதுதான் சிக்கல். ஆறு வாரத்தில் ஆறு மாத வேலையைச் செய்யப்போய், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு தேர்வு நாளில் நொண்டுகிறார்கள். வலி ஒரே விரல்முனை அளவு இடத்தில் குத்தினால் எலும்பில் விரிசல் இருக்கலாம்; அதை ஓடித் தீர்க்க முடியாது.

ஓட்டத்தில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் தாங்குதிறன் விளையாட்டுகளின் உலகத்தர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்கு பங்கு பயிற்சி அப்படி மெதுவாகவே இருந்தது. நம் இளைஞர்கள் தினமும் நடுவேகத்தில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். தேர்வு வேகம் வாரம் இரண்டு நாள் போதும். தினசரிச் சுமைக்கு நோட்டில் ஒரு வரி எழுதலாம்: எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை கடினம், இரண்டின் பெருக்கல். 40 நிமிடம், 6 கடினம் என்றால் 240. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால் காயம் கதவைத் தட்டுகிறது என்று அர்த்தம்.

பள்ளி ஹாக்கிப் பிள்ளைகளுக்குப் பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் உருவாக்கிய இருபது நிமிடச் சூடேற்றும் பயிற்சியின் குதித்தல், ஒற்றைக்கால் சமநிலை, தொடைப் பின்தசைப் பகுதிகள் அப்படியே பொருந்தும். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே புடைத்து வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் ஆறும்.

நடப்பவர்களைப் பற்றிக் கடைசியில் சொன்னாலும் எண்ணிக்கையில் அவர்களே முதல். ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி (2023) தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பௌர்ணமியன்று திருப்பரங்குன்றத்தில் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்களில் அவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! உணர்வு மரத்த பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது, வீட்டுக்கு வந்து ரத்தக்கறை பார்த்துத்தான் தெரியும். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இரண்டு நிமிடம் ஆகும். உணர்வு இல்லையென்றால் முருகன் சாக்ஸோடு வருவதை மன்னிப்பான் என்றே நம்புகிறேன்.

8. முடிவு யாருடையது

2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி மருத்துவர்கள் சோதித்தார்கள், பதக்கம் பறிபோனது, ஒரு மருத்துவ முடிவு உலகச் செய்தியாயிற்று. செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணின் உடலைப் பற்றி டீக்கடைகளில் பேசினார்கள். விதி சரியா தவறா என்ற விவாதம் தனி. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளச் சம்மேளனம் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையையே கட்டாயமாக்கியிருக்கிறது. எந்த விதியாக இருந்தாலும், சோதனைக்கு முன் அது என்னவென்று வீராங்கனைக்கு அவர் மொழியில் சொல்வதும், முடிவை அவருக்கு முதலில் சொல்வதும், பிறருக்குச் சொல்லாமல் இருப்பதும் மருத்துவ அறம்.

இது ஒலிம்பிக் மேடைக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. எடை, ஹீமோகுளோபின், பன்னிரண்டு நிமிடத் தூரம் என்று பிள்ளைகளின் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை இன்றே கிழித்தெடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் எண்ணையும் தனிச் சீட்டில் எழுதி, நாளைக் காலை அவர் என்ன செய்ய வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்து, அவர் கையில் கொடுங்கள்.